வீடு போதவில்லையா, ஊர் போதவில்லையா?

பேறுகால விடுப்பு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மகளுக்கு 10 வயது. மகனுக்கு இன்னும் நடை வரவில்லை. மாமனார் போன பிறகு தனியாக இருந்த அத்தை இனி எங்களோடுதான் என்று முடிவாகிவிட்டது. எங்களுடையதோ புறநகரில் இரண்டு படுக்கையறை வீடு, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இதில் ஐந்து பேர் எப்படி இருப்பது என்று பேச்சு ஆரம்பிக்கும். எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில், "பேசாம இந்த ஏரியாவை விட்டே போயிடலாமா?" என்ற கேள்வியில் வந்து நிற்கும்.

கணவருக்குப் போக மனமில்லை. அவருக்கு வேலை வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில். எனக்கு நகரத்தின் மறுகோடியில். ஒரு பேருந்து, ஒரு ரயில், அப்புறம் கொஞ்சம் நடை. எல்லாம் ஒத்துழைத்தால் ஒன்றேகால் மணி நேரம். மாலையில் மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் வந்துவிட்டு, "இந்த அமைதி வேற எங்க கிடைக்கும்?" என்பார். அவர் அமைதியை அனுபவித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் நான் ரயிலில் நின்றுகொண்டிருப்பேன். ஒரே வீட்டில் இருந்தும் ஊர் எங்கள் இருவருக்கும் வேறு வேறாக இருந்தது.

உறவினர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். இன்னும் வெளியே தள்ளிப் போனால் இதே காசுக்குப் பெரிய வீடு கிடைக்கும் என்றார் ஒருவர். நகரத்துக்குள் வந்துவிடு, பிள்ளைகளுக்கு நல்லது என்றார் இன்னொருவர். கடன் முடியாத வீட்டை விட்டு யாராவது போவார்களா என்று கேட்டவரும் உண்டு. எல்லாவற்றிலும் நியாயம் இருந்ததுதான் தொல்லை.

பேச்சு செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, ஒரு விடுமுறை நாளில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தேன். இங்கே இருப்பதில் என்னென்ன சிரமம் என்று அவரவர் தனியாக எழுத வேண்டும், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. மகளும் எழுதினாள். அத்தையிடம் போனில் கேட்டு நானே எழுதிக்கொண்டேன். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மூன்றாகப் பிரித்தோம்: வீட்டைப் பற்றிய குறைகள், ஏரியாவைப் பற்றியவை, போய்வருவதைப் பற்றியவை.

வீட்டுப் பகுதி நிரம்பி வழிந்தது. மகளுக்கு உட்கார்ந்து படிக்க ஓர் இடம் இல்லை. குழந்தை தூங்கினால் மொத்த வீடும் சைகையில் பேச வேண்டும். காலையில் குளியலறை வாசலில் வரிசை. குழந்தையின் தள்ளுவண்டியை வைக்க இடமில்லாமல் அது ஹாலின் நடுவில் நின்றது. அத்தையின் முழங்காலுக்கு இரண்டு மாடி ஏற முடியாது. போய்வரும் பகுதியில் இருந்ததெல்லாம் ஏறக்குறைய என் கையெழுத்து. ஏரியா பகுதியில் நான்கைந்து வரிகள்தான் தேறின. இரவில் டாக்டரிடம் போக வேண்டுமென்றால் தூரம், ஒன்பது மணிக்கு மேல் பேருந்து குறைவு, பெருமழை பெய்தால் தெருமுனையில் தண்ணீர் நிற்கிறது. மகள் ஏரியாவைப் பற்றி எழுதியது ஒரே வரி: "இங்க லைப்ரரி இல்ல."

ஊரை விட்டே போகலாமா என்று இத்தனை நாளாகப் பேசியிருக்கிறோம். எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் சுவரையும் படிக்கட்டையும் பற்றிய புகார்.

எனக்கு எதையும் தேடிப் படிக்கிற பழக்கம் உண்டு. கணவருக்கு அதில் அலுப்பு. படித்ததில் முதலில் கண்ணில் பட்டவர் அமெரிக்கச் சமூகவியலாளர் பீட்டர் ராசி. ஃபிலடெல்ஃபியா நகரத்துக் குடும்பங்களிடம் ஏன் வீடு மாறுகிறீர்கள் என்று கேட்டு, கிடைத்த விடைகளை 1955இல் வெளியிட்டார். குடும்பம் வளரும்போது இடம் போதாமல் போவதுதான் முதன்மையான காரணம், அக்கம்பக்கத்தைப் பற்றிய குறைகள் அதற்குப் பின்னால்தான் என்பது அவர் கண்டது. இத்தனை ஆண்டு கழித்து எங்கள் தாள்களும் அதையேதான் சொல்லின.

இந்தப் பிரிப்பை யார் வந்து யோசனை கேட்டாலும் முதலில் செய்யச் சொல்கிறேன். வீட்டைப் பற்றிய குறை, நாலு தெரு தள்ளி வேறு வீடு பார்த்தால்கூடத் தீரலாம். போய்வருவதைப் பற்றிய குறை எவ்வளவு பெரிய வீட்டாலும் தீராது. பெரிய வீடு வேண்டும் என்று இன்னும் வெளியே தள்ளிப் போகிறவர்கள் முதல் குறையைத் தீர்த்துக்கொண்டு மூன்றாவதை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள். வீடு பார்க்கப் போகும் நாளில் அறைகள்தான் கண்ணில் நிற்கும், பயணம் நிற்காது. அறையின் அகலம் சில மாதத்தில் பழகிவிடும். பேருந்துக்குக் காத்திருப்பது எனக்கு இத்தனை வருடத்தில் பழகவில்லை.

அந்த மூன்றாவது பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் உண்மையான சண்டை அதில்தான் நடந்தது.

எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் மனிதர்கள் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் போக்குவரத்துக்குச் செலவிடுகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் எழுதினார். உலக வங்கிக்காகப் போக்குவரத்தை ஆராய்ந்த யாகோவ் சஹாவி முன்னரே சொன்ன கருத்து அது. வண்டி வேகமானால் நேரம் மிச்சமாவதில்லை, நாம் இன்னும் தள்ளிக் குடிபோகிறோம், அவ்வளவுதான். புறநகர் உருவான கதையே அதில் இருக்கிறது. என் கணக்கோ, போக வர இரண்டரை மணி நேரம்.

சுவிஸ் பொருளாதார அறிஞர்கள் அலாய்ஸ் ஸ்டட்சரும் புரூனோ ஃபிரேயும் ஜெர்மனியில் 1985 முதல் 2003 வரை திரட்டிய தரவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து வேலைக்கு வருகிறவருக்கு அதற்கு ஈடாக நல்ல சம்பளமோ நல்ல வீடோ கிடைத்திருக்கும், இல்லாவிட்டால் அவர் ஏன் வரப்போகிறார் என்பது பொருளாதாரப் பாடம். தரவில் அந்த ஈடு தெரியவில்லை. பயண நேரம் கூடக்கூட வாழ்க்கை மீதான திருப்தி குறைந்துகொண்டுதான் போயிருக்கிறது. நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் குழுவின் 2004ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் நேரடியானது. டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை ஒவ்வொரு பகுதியாக நினைவுகூரச் சொன்னார்கள். எந்த நேரம் எவ்வளவு இனிமையாகக் கழிந்தது என்ற வரிசையில் காலையில் வேலைக்குப் போகும் பயணம் கடைசியில் இருந்தது.

இதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். "இதுக்கெல்லாம் ஆராய்ச்சி வேறயா?" என்றார். நான் சொன்னபோது காதில் விழவில்லையே, அதனால் தேவைப்பட்டது.

அதற்கு அடுத்த வாரம் முழுக்க ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள். வீட்டில் யார் எங்கே போனாலும், கதவைப் பூட்டியதிலிருந்து போய்ச் சேரும் வரை எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும். காத்திருந்த நேரமும் சேர்த்து. வரைபடச் செயலி காட்டும் நேரத்தை எழுதக் கூடாது. அது நீங்கள் ஏற்கெனவே பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். அலுவலகம் மட்டுமில்லை, மகளின் நீச்சல் வகுப்பு, குழந்தையின் தடுப்பூசி, மருந்துக் கடை, எல்லாமும்தான். விடுப்பில் இருந்ததால் என் பழைய பயணத்தை, சுமாரான நாளின் கணக்கில் இல்லாமல் மோசமான நாளின் கணக்கில் எழுதினேன். வீட்டுக்கு எப்போது வந்து சேருவேன் என்று குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்ல வேண்டியது அந்த நேரத்தைத்தானே.

பிறகு அதே வாரத்தை வேறு இரண்டு இடங்களில் வைத்துப் பார்த்தோம். ஒன்று, என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் நகரத்துக்குள் ஒரு வாடகை வீடு. இன்னொன்று, இன்னும் வெளியே, மூன்று படுக்கையறையோடு புதிதாகக் கட்டிய வீடு. வெளியே இருப்பது என் பயணத்தில் இன்னும் அரை மணி நேரத்தைச் சேர்த்தது. இரண்டாவது வண்டி இல்லாமல் அங்கே குடும்பம் நடத்தவும் முடியாது. அது அப்போதே பட்டியலிலிருந்து அடிபட்டிருக்க வேண்டும். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருந்ததால் இன்னும் கொஞ்ச நாள் பேச்சில் உயிரோடு இருந்தது.

நகரத்து வீட்டுக் கணக்குதான் சிக்கல். எனக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிச்சம். ஆனால் கணவருக்குப் பயணம் கூடும். அதைவிட முக்கியம், இங்கே மகள் பள்ளிக்கும் நீச்சலுக்கும் தோழி வீட்டுக்கும் தானே நடந்து போய்விடுகிறாள். அங்கே பெரிய சாலையைக் கடக்காமல் எங்கும் போக முடியாது, யாராவது கூடப் போக வேண்டும். இந்தச் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்டது ஒன்று உண்டு. 1971இல் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதம். பிள்ளைகளிடம் நின்றுபோன அந்த நடையெல்லாம் எங்கே போயிற்று? அம்மா, அப்பாவின் வண்டிக்குப் போயிற்று.

குடும்பத்தின் மொத்த நேரத்தைக் கூட்டினால் இங்கேயும் நகரத்திலும் கிட்டத்தட்ட சமம். "அப்போ எதுக்கு மாறணும்?" என்றார் கணவர். நான் விடவில்லை. ஒரே ஆள் இரண்டரை மணி நேரம் சுமப்பதும், இரண்டு பேர் ஆளுக்கு ஒன்றேகால் சுமப்பதும் கூட்டலில் மட்டும்தான் ஒன்று. பகல் பன்னிரண்டு மணிக்கு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் யார், எவ்வளவு நேரத்தில் வந்து சேர முடியும்? கூட்டுத்தொகையைப் பார்த்து முடிவெடுக்கிற வீடுகளில் அதிகம் சுமக்கிறவர் பெரும்பாலும் கூட்டல் போட்ட ஆளாக இருக்க மாட்டார். அதனால் மொத்தத்துக்குக் கீழே ஒவ்வொருவர் பெயரிலும் தனியாக எழுதுங்கள்.

இடம் பார்க்கப் போவது பற்றி. தரகர் எப்போதும் விடுமுறை நாள் காலையில்தான் கூப்பிடுவார். வெயில் இதமாக இருக்கும், சாலை காலியாக இருக்கும், பறவைச் சத்தம்கூடக் கேட்கும். அந்த நேரத்தில் எந்த ஊரும் நல்ல ஊர்தான். பிடித்திருந்தால் தரகர் இல்லாமல் மறுபடி போங்கள். வேலைநாளில் பள்ளி விடும் நேரத்தில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை, முடிந்தால் பெருமழைக்கு மறுநாள் ஒரு முறை. வண்டியில் போகாமல் பேருந்தில் போய் இறங்குங்கள். வெளியே இருந்த அந்தப் புது வீட்டுக்கு நான் அப்படிப் போனபோது, நிறுத்தத்திலிருந்து வீடு வரை பாதி தூரம் தெருவிளக்கு இல்லை, நடைபாதையும் இல்லை. மரம் அழகாகத்தான் இருந்தது, பகலில்.

விசாரிக்க வேண்டியது வீட்டு உரிமையாளர்களிடம் அல்ல. சொந்த வீடு வாங்கியவர் தன் ஏரியாவைக் குறை சொல்ல மாட்டார்; விலை இறங்கும் என்ற பயம் ஒரு பக்கம், தன் முடிவு சரிதான் என்று தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை இன்னொரு பக்கம். வாடகைக்கு இருப்பவரிடம் கேளுங்கள். மருந்துக் கடையில் நிற்பவரிடம், இரவு எந்த டாக்டரிடம் சனம் ஓடுகிறது என்று கேளுங்கள். தண்ணீர் எப்படி, மின்சாரம் எப்படி என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணும் பிரச்சினையில்ல" என்பார்கள். "கடைசியா எப்போ தண்ணி வரல?" என்று கேட்டால் விவரம் வரும்.

மகளிடம் கேட்டோம். பெரியவர்கள் முடிவு செய்துவிட்டுப் பிள்ளையிடம் அறிவிப்பதுதான் எங்கும் வழக்கம். நீ எங்கெல்லாம் தனியாகப் போவாய் என்று வரைந்து காட்டச் சொன்னேன். எனக்குத் தெரியாத இரண்டு குறுக்குச் சந்துகளும், கதவைத் தட்டாமலேயே நுழையும் ஒரு வீடும் அந்தப் படத்தில் இருந்தன.

பிள்ளையின் வயது இந்த முடிவில் ஒரு கடிகாரம் என்பது எனக்கு டென்மார்க் ஆய்வைப் படித்தபோதுதான் உறைத்தது. அங்கே 1971 முதல் 1997 வரை பிறந்தவர்களைப் பதிவேடுகள் வழியாகப் பின்தொடர்ந்து, 2016இல் வெளியிட்டார்கள். சிறு வயதில் ஊர்விட்டு ஊர் மாறியவர்களுக்குப் பின்னாளில் மனநலச் சிக்கல், போதைப் பழக்கம், வன்முறை போன்றவற்றுக்கான வாய்ப்பு கூடியிருந்தது. அதிலும் 12 முதல் 14 வயதுக்குள் மாறியவர்களுக்கே அதிகம். வசதியான குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. இடம் மாறியதுதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. குடும்பங்கள் ஏன் மாறின என்பதும் அதற்குள் கலந்திருக்கும். ஆனால் அந்த வயதில் நட்புதான் பிள்ளையின் உலகம் என்பதை அறிய ஆய்வு தேவையில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்க அரசு 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த பகுதிகளின் அரசுக் குடியிருப்பில் இருந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வாடகை உதவி கொடுத்து, வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபோகச் செய்தது. ராஜ் செட்டி, நதானியேல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் அந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு அவர்கள் வருமானத்தைப் பார்த்தார்கள். 13 வயதுக்குள் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் மாறியவர்களுக்கு நன்மை இல்லை, சிறிது பாதகமாகக்கூட இருந்தது. இதைக் காட்டித்தான் "பிள்ளைகளுக்காக நகரத்துக்கு வா" என்று உறவினர் ஒருவர் வாதாடினார். அவர்கள் விட்டுவந்த இடம் வேறு, நாங்கள் இருக்கும் இடம் வேறு. ஆபத்தான, வறுமை சூழ்ந்த இடத்திலிருந்து வெளியேறுவதற்கான சான்று அது. பூங்காவும் பாதுகாப்பான தெருவும் இருக்கும் ஏரியாவிலிருந்து, கொஞ்சம் பெயர்பெற்ற பள்ளிக்காக மாறுவதற்கு அதை இழுக்க முடியாது.

இரண்டு ஆய்வும் வயதில் வந்து ஒன்றாக நின்றன. போவதென்றால் சீக்கிரம் போக வேண்டும். இல்லையென்றால் மகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வரை பேச்சை எடுக்கக் கூடாது. "இப்போதைக்கு இருப்போம், ரெண்டு மூணு வருஷம் கழிச்சுப் பார்க்கலாம்" என்று கணவர் சொன்னதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. ரெண்டு மூணு வருஷத்தில் அவளுக்குச் சரியாக அந்த வயது.

அக்கம்பக்கத்தைப் பற்றி. சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டு டொனால்ட் ஆப்பிள்யார்ட் 1972இல் வெளியிட்ட ஆய்வு நகர அமைப்பாளர்களிடையே பிரபலம். ஒரு நாளில் 2,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள். 16,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்கு ஒரு நண்பர்கூட முழுசாக இல்லை, 0.9. நாங்கள் அதை எங்கள் வழியில் சோதித்தோம். நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றால் மகளை யார் வீட்டில் விடுவோம்? இங்கே யோசிக்காமல் பெயர்கள் வந்தன. நகரத்து வீட்டுக்கும் புது வீட்டுக்கும் பெயரே இல்லை. அந்தப் பெயர்கள் உருவாக வருடங்கள் ஆகும். கைக்குழந்தையும் வயதானவரும் இருக்கிற வீட்டுக்கு அந்த இடைக்காலம்தான் கடினமானது. எங்களுக்கு முதல் குழந்தை இன்னும் பிறக்காமல் இருந்திருந்தால் இதற்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்திருக்க மாட்டேன்.

பணம். எல்லோரும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், நாங்கள் கடைசியில்தான் வந்தோம். விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதாது. தரகு, பத்திரப் பதிவு, புதுப் பள்ளியில் சேர்க்கும் கட்டணம், இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டும் இடைப்பட்ட மாதங்கள், இவையெல்லாம் திரும்பி வராத காசு. வீட்டுக் கடனில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்று வைத்துக்கொண்டால், முதல் மாதத் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விடும். ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசலில் 11 சதவீதம்தான் குறைந்திருக்கும். விற்றுவிட்டு வேறு வீட்டுக்குப் புதிதாக 20 வருடக் கடன் வாங்கினால், அந்த வட்டி மிகுந்த வருடங்களை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். அடிக்கடி வீட்டை மாற்றுகிறவர்களுக்குச் சொத்து சேராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கூடவே ஒன்று: இரண்டு சம்பளத்தை நம்பித் தவணையை நிர்ணயிக்கும் முன், ஒரு சம்பளம் ஆறு மாதம் நின்றால் என்ன ஆகும் என்று எழுதிப் பாருங்கள். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் அது நடக்கக்கூடியதுதான்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டிய, செலவே இல்லாத ஒரு வேலை இருந்தது. அலுவலகத்தில் கேட்பது. வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா, நெரிசல் நேரம் தாண்டி வரலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. பொதுவாகக் கேட்காமல், எந்தெந்த வேலைக்கு நான் நேரில் தேவை, எதற்குத் தேவையில்லை என்று பட்டியலோடு போனேன். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து, மற்ற நாட்களில் ஒரு மணி நேரம் தாமதமாக என்று ஒப்புக்கொண்டார்கள். எழுத்தில் வாங்கிக்கொண்டேன். வாரக் கணக்கில் ஐந்து மணி நேரப் பயணம் அதில் மட்டும் மிச்சமாயிற்று, நெரிசல் குறைந்தது தனி.

சரி, என்ன செய்தோம்? எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அதே ஏரியாவில், மகளின் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில், தரைத்தளத்தில் மூன்று அறை கொண்ட வீட்டை வாடகைக்கு எடுத்தோம். சொந்த வீட்டை வைத்துக்கொண்டு வாடகை வீட்டில் இருப்பதா என்று சிலர் சிரித்தார்கள். வருகிற வாடகையைவிடக் கொடுக்கிற வாடகை அதிகம்தான். அந்த வித்தியாசம், புதுக் கடன் வாங்கியிருந்தால் கூடியிருக்கும் மாதத் தவணையில் ஒரு சிறு பகுதி. பள்ளியும் பெயர்களும் குறுக்குச் சந்துகளும் அப்படியே இருக்கின்றன. இன்னும் சில வருடம் கழித்து வேண்டாம் என்று தோன்றினால், காலி செய்வதற்கு எதையும் விற்க வேண்டியதில்லை.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தெருமுனையில் தண்ணீர் இன்னும் நிற்கிறது. இரவு டாக்டர் இன்னும் தூரம்தான். அதற்கு ஒரு வாடகைக்கார் ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். நூலகத்துக்கு மாதம் இரண்டு முறை நகரத்துக்கு ஒரு பயணம், அது கணவரின் பொறுப்பு. அத்தைக்குப் புது வீடு பிடித்திருக்கிறது. பழைய வீட்டுப் பால்கனியிலிருந்து தெரு தெரியுமே, இங்கே சுவர்தான் தெரிகிறது என்பது மட்டும் குறை. அலுவலகம் போகிற நாட்களில் என் பயணம் இப்போதும் ஒரு மணி நேரத்துக்கு மேல்தான். அந்த நாட்களில் மாலை ஏழு வரை குழந்தை கணவர் பொறுப்பு. அதைச் செய்யத் தொடங்கிய பிறகு பூங்காவின் அமைதியைப் பற்றி முன்புபோல் அவர் பேசுவதில்லை.

முடிவெடுத்த அன்றே, எப்போது இந்தப் பேச்சை மறுபடி எடுக்கலாம் என்பதையும் எழுதி வைத்தோம். இல்லாவிட்டால் அலுப்பாக இருக்கும் ஒவ்வொரு மாலையும் இதே வாதம் வந்துவிடும். அத்தைக்கு அடிக்கடி மருத்துவமனை போக வேண்டிய நிலை வந்தால், தன் வேலை இடம் மாறினால், மகள் பள்ளியை முடித்தால் என்று கணவர் வரிசையாக எழுதினார். முதல் வரியாக நான் சொன்னதையும் அவரே தன் கையால் எழுதினார்: என் அலுவலகம் அந்த இரண்டு நாளைத் திரும்பப் பெற்றால், அந்த மாதமே உட்கார்ந்து பேச வேண்டும்.